பலைய மரம்

நெல்லுக் கொட்டிலை விலை பேசியது தொலைபேசியில்.
உரித்துக்காரர் ரொறன்ரோவில்; அங்கே விடிகிற நேரம்.
'நிக்குதோ இன்னும்?' என்றார்.
'நிக்கேல்லை, சாய்ஞ்சு கிடக்கு' என்றேன்.
சாய்ந்ததற்கு ஐயாயிரம் குறைத்தார்.

மல்லாவியில் உழவு இயந்திரம் பிடித்து
நானும் கெங்காவும் அவளின் தம்பியும்
மூன்று நாள் பிரித்தோம்.
முதல் நாள் முழுக்கத் தகரம்.
இரண்டாம் நாள் குளவி.
மூன்றாம் நாள்தான் மரம்.

கப்புகள் பதினான்கு, எல்லாம் பாலை.
மண்ணுக்குள் நின்ற வெளிப்பட்டையைத் தின்ற கறையான்
வைரத்தில் வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போயிருந்தது.
வளை இரண்டும் முதிரை;
சுரண்டினால் உள்ளே இன்னும் மஞ்சள்.
வடக்கு மூலைக் கப்பில் மட்டும் கரிக்கோடுகள்,
ஐந்தைந்தாய்க் குறுக்கே வெட்டிய மூட்டைக் கணக்கு.
இருநூற்றுப் பதினேழில் நிற்கிறது.
பிறகு மழை வந்ததா, ஷெல் வந்ததா,
எண்ணியவருக்குக் கை வலித்ததா தெரியாது.
அந்தக் கப்பை அரியக் கொடுக்கவில்லை.
கெங்கா அதில் ஆடு கட்டுகிறாள்.

சந்தியில் வன இலாகா மறித்தது.
'எப்ப வெட்டின மரம்?'
நான் பிறக்க முதல்.
'பெர்மிட்?'
வெட்டினவரிடம் இருந்திருக்கும். அவர் இல்லை.
இளம் அதிகாரி பெட்டியில் ஏறி
ஆணித் துளை ஒவ்வொன்றிலும்
பல் வைத்தியர்போல விரல் விட்டுப் பார்த்தார்.
பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் துண்டு எழுதினார்:
'பலைய மரம்.'
பாலைக்கும் பழசுக்கும் நடுவே எங்கேயோ
ஒரு சொல்லைக் கண்டுபிடித்து ஒப்பமும் இட்டார்.
நான் திருத்தப் போகவில்லை.

மரக்காலை பேரின்பம், வாளில் ஏற்ற முதல்
கப்புகளின் மேல் ஒரு கருவியை நகர்த்துவார்.
முதலாவது பேசவில்லை.
நாலாவது கத்தியது.
ஏழாவது நிறுத்தவே இல்லை.
'உங்கட கொட்டில் நல்லாச் சாப்பிட்டிருக்கு அக்கா.'
சுண்ணாம்பால் வட்டம் போட்டு உளியால் தோண்டினார்.
நகத்தளவில் சில, புளியங்கொட்டை அளவில் சில,
ஒன்று மட்டும் சாவி நீளம்.
இரும்பு இருந்த இடத்தைச் சுற்றி
மரம் கறுத்துப் போயிருந்தது.

எல்லாம் எடுத்தாச்சு என்று வாளை ஓடவிட
எடுக்காத ஒன்று உள்ளே இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு எழுத்து இல்லை.
வாளில் பதினொரு பல் போயிற்று,
ஆளுக்கு ஒன்றுமில்லை.
பார்த்தால் எல்லோரும் நிலத்தில் குந்தியிருந்தோம்,
தலைக்கு மேலே கை வைத்தபடி.
பேரின்பம், நான், கெங்கா,
பலகை வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவர்.
கெங்காவின் தம்பி மட்டும் நின்றுகொண்டு
எங்களை மாறி மாறிப் பார்த்தான்.
அவன் இரண்டாயிரத்துப் பத்தில் பிறந்தவன்.

இரும்பை ஷொப்பிங் பையில் கட்டித் தந்தார்கள்.
பழைய இரும்புக்காரன் தராசில் வைக்க மறுத்தான்.
'பயமோ?'
'பயமில்லை, நிறை காணாது.'

பால் சேர்க்கிற இடத்துக்கு ஒரு மேசை,
நான் நினைத்தது அவ்வளவுதான்.
ஏழாவது கப்பின் பலகை நடுவில்.
சிந்தும் பால் துளைகளில் தேங்கி எறும்பு வருகிறது.
மெழுகு ஊற்றினேன், வெயிலுக்கு இளகியது.
சவர்க்காரம் அடைத்தேன், பால் மணத்தது.
இப்போது காலையில் ஓர் ஈர்க்கால் குத்திக் கழுவுகிறேன்,
வேலையோடு வேலையாக.

மேசைக் கால் நாலும் நாலு கப்பில் வந்தவை.
ஒன்று ஒரு நூல் கட்டை,
கேனை வைத்தால் ஆடுகிறது.
பேரின்பம் தந்த துண்டில் மூன்று வரி:
அரிவுகூலி, ஏற்றுகூலி, வாள் ஒன்று.
வாளுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.
அவர் தினமும் பால் கொண்டு வருகிறார், கேட்பதில்லை.
துண்டை எட்டாய் மடித்துக்
கட்டைக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நேற்றுக் குனிந்து பார்த்தார்.
'இன்னும் ஒரு மடிப்பு வேணும்' என்றார்.